ஆறு நிமிடப் பாடம், எதிரே கேமரா: எப்படித் தயாராவது?

மருந்தியல்_மேசை

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் உதவிப் பேராசிரியர். எம்.டி. முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த மாதம் எங்களுக்கு மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி, மூன்று நாள். தேசிய மருத்துவ ஆணையம் கேட்கும் அதே பயிற்சிதான். அதில் ஒவ்வொருவரும் ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும், அதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டிக் கருத்துச் சொல்வார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பாடம் எனக்குத் தெரியும். 150 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தானியங்கு நரம்பு மண்டல மருந்துகள் முழுவதையும் நடத்தி முடித்திருக்கிறேன். அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் எனக்குக் கேள்வி. போன மாதம் உள்தேர்வுத் தாள் திருத்தினேன். ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்துக்கு அட்ரோபின் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அட்ரோபின் போதும் என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பேருக்கு மேல் எழுதியது ஒரே வரி: "கண்மணி விரியும் வரை." நம் ஊரில் பயிற்சி மருத்துவராக அவசரப் பிரிவில் நிற்கும் முதல் வாரமே பூச்சிமருந்து குடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தத் தாள்களைக் கட்டி வைத்த பிறகு எனக்கு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் இந்தப் பயிற்சியை உண்மையாகவே பயன்படுத்திக்கொள்ள ஆசை. பயமும் இருக்கிறது. நான் முதுநிலை மாணவியாக இருந்தபோது வேறொரு கல்லூரியில் இதே மாதிரிப் பயிற்சியைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். ஒரு மேடம் நடத்திய பாடத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். இரண்டு இடத்தில் அவருக்கு வார்த்தை சிக்கியது. யாரோ சிரித்தார்கள். "நேரத்தைச் சரியாகக் கையாளவில்லை, குரல் போதாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் வீடியோவைப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மேடம் பெரிய வகுப்பே எடுப்பதில்லை, செய்முறை வகுப்புகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

என் கேள்விகள்: ஆறு நிமிடத்துக்கு எந்த மாதிரித் தலைப்பு எடுப்பது? ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டுமா, வகுப்பில் பேசுவதுபோல் தமிழ் கலக்கலாமா? வீடியோவை எல்லோர் முன்னிலையிலும் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

---

ஓய்வு_உடலியங்கியல்

டாக்டர் அம்மா, அந்த விடைத்தாள் உங்களைத் தூங்க விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

34 வருடம் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் 1975லேயே வந்துவிட்டது. தென்னகத்தில் என் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்கு இந்த விஷயங்கள் அங்கிருந்துதான் வந்து சேர்ந்தன. அங்கே படித்துவிட்டு வந்த ஒரு பேராசிரியர்தான் 1989இல் எங்களை முதன்முதலாகக் கேமரா முன்னால் நிறுத்தினார். தோளில் வைத்துத் தூக்கும் வி.எச்.எஸ். கேமரா. நரம்பில் மின்தூண்டல் எப்படி ஓடுகிறது என்று ஆறு நிமிடம் நடத்தினேன். நன்றாக நடத்திவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டிவியில் பார்த்தபோது, ஆறு நிமிடத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடம் என் முதுகு. படத்தைப் போட்டுக்கொண்டே கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்தேன். "புரியுதா?" என்று பதினொரு முறை கேட்டிருந்தேன். ஒரு முறைகூட யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல நான் இடமே விடவில்லை, கேட்ட மூச்சிலேயே அடுத்த வாக்கியம். ஏழு வருடமாக அப்படித்தான் நடத்தி வந்திருந்தேன். ஒருவரும் சொன்னதில்லை. வாயால் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தப் பேராசிரியர் அன்று செய்த இரண்டு காரியங்களுக்காகத்தான் இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

முதல் காரியம், ரிமோட்டை என் கையில் கொடுத்தார். "எங்கே நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணுதோ அங்கே நிறுத்துங்க. அந்த நேரம் மனசுல என்ன ஓடிச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். மற்றவர்கள் வாயே திறக்கக் கூடாது. இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை அது. தன்னுடைய பதிவைத் தானே நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது, அந்த நொடியில் என்ன நினைத்தோம், எதற்குப் பயந்தோம் என்பதெல்லாம் திரும்ப நினைவுக்கு வருகிறது. நான் மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினேன். "சோடியம் வாயில் திறக்கும் வரிசையை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால்தான் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்று சொன்னேன். அதைச் சொல்லி முடித்தபோதே தீர்வும் கிடைத்துவிட்டது: படத்தை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டு மாணவர்களைப் பார்த்துப் பேச வேண்டியதுதான். நீங்கள் பார்த்த பயிற்சியில் ரிமோட் யார் கையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது காரியம், அதே பாடத்தை அன்று மதியமே திரும்ப நடத்த வைத்தார். நம் பயிற்சிகளில் நேரம் இல்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்த மறுபாடம்தான். அதை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது வேடிக்கை. 1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடனிருந்தவர்களும் இந்த முறையைத் தொடங்கியபோதே அதன் உயிர் திரும்ப நடத்துவதில்தான் இருந்தது. சில மாணவர்கள், சில நிமிடம், ஒரே ஒரு திறன். நடத்து, பார், மாற்று, மறுபடி நடத்து. அவர்கள் பள்ளி ஆசிரியர்களுக்காகச் செய்தது மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால்தான் வந்தது. நம் துறையில் பாடம் தெரிந்தவருக்கு நடத்தவும் தெரியும் என்ற நம்பிக்கை ஆழமானது. 1950களில் அமெரிக்காவின் பஃபலோவில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர் கல்வித் துறைக்காரர்களையும் மருத்துவ ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்த பிறகுதான் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலைப்பு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அட்ரோபின் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். "அட்ரோபின் போதும் என்று எப்படித் தெரியும்?" இந்த ஒரு கேள்வி ஆறு நிமிடத்துக்குச் சரியாக இருக்கும். நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்குவது, நாடித்துடிப்பு 80க்கு மேல் வருவது, மேல் இரத்த அழுத்தம் 80க்கு மேல் நிற்பது, அக்குள் உலர்வது, கண்மணி ஊசிமுனை அளவிலிருந்து மாறுவது. இவற்றில் மாணவன் முதலில் ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டிய இடம் நெஞ்சு என்பது மட்டும் பதிந்தால் போதும், உங்கள் ஆறு நிமிடம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

பயிற்சி எடுக்க வேண்டிய திறனும் ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவுதான் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில் நீண்டது, தாமாகப் பேசுபவர்கள் கூடினார்கள், "தெரியாது" குறைந்தது. உங்கள் வீடியோவில் இதை அளப்பது சுலபம். கேள்வி முடிந்த இடத்தில் நிறுத்துங்கள், நீங்கள் மறுபடி வாய் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள், இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எழுதுங்கள். குரல் நன்று, முகபாவம் நன்று என்று பத்துப் பேர் சொல்வதைவிட அந்த ஓர் எண் உங்களுக்கு அதிகம் உதவும்.

மொழி பற்றி: வகுப்பில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். கேமராவுக்காக வேறு ஆளாக நின்றால் அந்த வேறு ஆளைத்தான் திருத்துவார்கள்.

---

பி.எட்._டீச்சர்

டாக்டர், நான் கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவள். நீங்கள் பேசுவதை நாங்கள் நுண்ணிலைக் கற்பித்தல் என்போம். எங்கள் பிள்ளைகளுக்கு இது பயமே கிடையாது, ஏனென்றால் ஒரு நாள் விழாவாகச் செய்யாமல் வாரக்கணக்கில் செய்வார்கள். பாடம் தொடங்கும் திறன் ஒரு நாள், பதிலைத் தூண்டி எடுக்கும் கிளர்வினாத் திறன் ஒரு நாள், பதில் சொன்னவரை ஊக்கப்படுத்தும் வலுவூட்டும் திறன் ஒரு நாள். எல்லாம் தனித்தனியாக வந்த பிறகு இணைப்புப் பாடம் என்று சேர்த்து நடத்துவார்கள்.

நம் நாட்டில் என்.சி.இ.ஆர்.டி., அதாவது தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, வகுத்த கணக்கு இது: நடத்த 6 நிமிடம், கருத்துக்கு 6, மறுதிட்டமிட 12, மறுபடி நடத்த 6, மறுபடி கருத்துக்கு 6. மொத்தம் 36 நிமிடம். திருத்தி எழுத ஒதுக்கிய நேரம் நடத்தும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஐயா சொன்ன மறுபாடத்துக்கு நேரம் இல்லை என்று உங்கள் பயிற்சியில் சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். முப்பது பேர் என்று வைத்துக்கொண்டால், அத்தனை பேரையும் ஓர் அரங்கில் உட்கார வைத்தால் நேரம் எங்கே இருக்கும்? ஆறு பேர் கொண்ட ஐந்து குழுவாகப் பிரித்து ஐந்து அறையில் விட்டால் ஒரு நாளில் முடிந்துவிடும். ஐந்து கேமரா தேவையில்லை, எல்லோர் பையிலும் செல்போன் இருக்கிறது.

செல்போனைப் பற்றி ஒன்று. எங்கள் பிள்ளைகள் முதலில் கோட்டை விடுவது ஒலியில்தான். மின்விசிறிக்குக் கீழே வைத்துவிடுவார்கள், பதிவில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். ஜன்னலுக்கு எதிராக வைத்தால் ஆசிரியர் கறுப்பு உருவமாகத் தெரிவார். படுக்கைவாட்டில், முதல் பெஞ்சு உயரத்தில், ஜன்னல் போனுக்குப் பின்னால் இருக்கும்படி வையுங்கள். இன்னொரு போனை மேசை மேல் மாணவர்களைப் பார்த்து வையுங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது படம்தான் அதிகம் கற்றுத்தரும். யார் எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினார், யார் பக்கத்தில் திரும்பினார் என்பது அதில் தெரியும்.

அப்புறம், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எல்லோரிடமும் பேசி வையுங்கள். பதிவு நடத்தியவருக்குச் சொந்தம். பார்த்து முடித்ததும் அவரிடம் கொடுத்துவிட்டு மற்ற போன்களில் அழித்துவிட வேண்டும். அந்த மேடத்துக்கு நடந்தது மனதை உறுத்துகிறது. அவரை மறுபடி அழைத்து, மூடிய அறையில், நீங்கள் ஒருவர் மட்டும் பார்க்க, ஒருமுறை நடத்தச் சொல்ல முடியுமா?

---

தையல்_ஊசி

அறுவை சிகிச்சைத் துறையிலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். விரிவுரைக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். கைவேலை சொல்லிக்கொடுப்பதை வீடியோ எடுத்தால் தவறு இன்னும் பளிச்சென்று தெரியும். பயிற்சி மருத்துவர்களுக்குத் தையல் போடச் சொல்லிக்கொடுப்பதை என் கைகளுக்கு நேர் மேலே போனைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்தேன். முடிச்சுப் போடும் இடத்தில் என் இடது கை வலது கையை முழுக்க மறைத்தது. எதிரே நின்ற நான்கு பேருக்கும் முடிச்சு தெரிந்திருக்கவே முடியாது. அவர்களுக்குக் கை வரவில்லை என்று இத்தனை நாள் கடிந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கே அவர்களிடம் போய்ச் சொன்னேன்.

இப்போது பெய்டன் என்ற அறுவை மருத்துவர் 1998இல் எழுதிய நான்கு படிகளைப் பின்பற்றுகிறேன். முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, விளக்கிக்கொண்டே செய்வது. மூன்றாவது, மாணவர் படிப்படியாகச் சொல்லச் சொல்ல நான் செய்வது. நான்காவது, அவரே சொல்லிக்கொண்டு செய்வது. வீடியோவில் பார்த்தால் நாம் எல்லோரும் தாவிப் போவது மூன்றாவது படியை. மாணவர் வாயால் சொல்லும்போதுதான் அவருக்கு எது விட்டுப்போயிற்று என்று நமக்குத் தெரிகிறது.

வார்டில் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி, எழுத்தில் சம்மதம் இல்லாமல், படத்தில் வரவே கூடாது, முகம் தெரியாவிட்டாலும். ஆசிரியர் பயிற்சிக்கு நோயாளி தேவையும் இல்லை. நோயாளியாக நடிப்பவரை வைத்து எடுக்கலாம். அந்த முறையை ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தென்கலிபோர்னியாவில் தொடங்கியதும் 1963தான், ஸ்டான்போர்டு நுண்ணிலைக் கற்பித்தல் பிறந்த அதே ஆண்டு. எங்கள் துறையில் உதவியாளர் ஒருவர் வயிற்றுவலிக்காரராக நடிப்பார். நாங்கள் தொட்ட இடத்தில் வலி எப்படி இருந்தது, யார் கை சில்லென்று இருந்தது என்பதையும் சொல்வார். அதை எந்தக் கேமராவும் சொல்லாது.

---

மருந்தியல்_மேசை

மூவருக்கும் நன்றி. சார், ரிமோட் விஷயம் படித்ததும் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். டீச்சர் அக்கா, குழுவாகப் பிரிப்பதைப் பற்றி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன், 36 நிமிடக் கணக்கையும் காட்டினேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம். மற்றவர்கள் வாயே திறக்கக் கூடாது என்றால், எனக்குத் தெரியாத தவறை யார் சொல்வார்கள்?

---

ஓய்வு_உடலியங்கியல்

நல்ல கேள்வி. வாய் திறக்கக் கூடாது என்பது முதல் சுற்றுக்கு மட்டும். அதன் பிறகு வரிசை உண்டு. 1984இல் பிரிட்டனில் பென்டில்டனும் அவரோடு இருந்தவர்களும் பொது மருத்துவர் பயிற்சிக்காக வகுத்தது: எது நன்றாக இருந்தது என்று செய்தவர் முதலில் சொல்வார், பிறகு பார்த்தவர்கள் அதையே சொல்வார்கள். எதை வேறு விதமாகச் செய்யலாம் என்பதையும் செய்தவர்தான் முதலில் சொல்வார், பிறகு மற்றவர்கள். இதை இயந்திரம் மாதிரி செய்தால் சடங்காகிவிடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் புதிதாகக் கேமரா முன்னால் நிற்பவருக்கு அந்த வரிசை ஒரு பிடிமானம். சொல்பவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: வீடியோவில் நிமிடமும் நொடியும் காட்டிச் சொல்ல முடியாத எதையும் சொல்லக் கூடாது. "குரல் போதாது" என்பது கருத்து இல்லை. "2 நிமிடம் 10 நொடியில் திரையைப் பார்த்துத் திரும்பினீர்கள், அங்கே வாக்கியத்தின் கடைசி எனக்குக் கேட்கவில்லை" என்பது கருத்து.

முடிந்ததும் வந்து எழுதுங்கள் அம்மா. காத்திருப்பேன்.

---

மருந்தியல்_மேசை

பயிற்சி முடிந்து இன்று ஐந்தாவது நாள். முடிந்ததும் எழுதச் சொல்லியிருந்தீர்கள் சார்.

ஒருங்கிணைப்பாளர் எங்களை ஐந்து குழுவாகப் பிரித்தார். எங்கள் அறையில் ஆறு பேர், மற்ற ஐவரும் என் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். மேசை மேல் இரண்டாவது போன். நான் தயாரித்த கேள்வி: "அட்ரோபின் போதுமான அளவு போயிற்று, நெஞ்சு தெளிந்துவிட்டது, நாடி நன்றாக இருக்கிறது. ஆனால் நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. ஏன்?"

முதல் பதிவைப் போட்டு நொடிகளை எண்ணினேன். காத்திருந்தது ஒரு நொடிகூட இல்லை. "ஏன்?" என்று கேட்டு, நானே "ஏன்னா அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியை மட்டும்தான் அடைக்கும், நிக்கோட்டினிக்..." என்று ஓடிவிட்டேன். (ஏற்பி என்பது செல்லில் மருந்து போய் ஒட்டும் இடம். மஸ்கரினிக், நிக்கோட்டினிக் என்பவை அதில் இரண்டு வகை.) இரண்டாவது போனில் இருந்த படம் அதைவிட வலித்தது. தோல் மருத்துவத் துறைத் தோழி பதில் சொல்ல வாயைத் திறந்து, நான் பேசத் தொடங்கியதும் மூடிக்கொண்டாள். ரிமோட் இல்லை, போன்தான், ஆனால் என் கையில் இருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினேன். அப்போது மனதில் என்ன ஓடியது என்று சொல்லிப் பார்த்தேன்: அமைதியாக இருந்தால் எனக்குப் பாடம் மறந்துவிட்டது என்று நினைப்பார்களோ என்ற பயம். 150 பேர் வகுப்பிலும் இதே பயம்தான். இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதும் இல்லை.

12 நிமிடம் கொடுத்தார்கள். ஐந்து ஸ்லைடை ஒன்றாக்கினேன். தாளில் "ஏன்?" என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே நான்கு புள்ளி வைத்தேன், மனதுக்குள் எண்ணுவதற்கு. இரண்டாவது முறை நான்கு நொடி நின்றேன். என் வாழ்க்கையிலேயே நீளமான நான்கு நொடி. மூன்றாவது நொடியில் தோழி, "தசையில இருக்கறது நிக்கோட்டினிக் ஏற்பி, அங்க அட்ரோபின் வேலை செய்யாது" என்றாள். உடனே பின்னாலிருந்து உடற்கூறியல் சார், "அப்போ மூச்சுத் தசையும் தளருமா?" என்று கேட்டார். நான் அடுத்து சொல்ல வேண்டியிருந்ததே அதுதான்.

அந்த மேடத்துக்குப் போன் செய்தேன், டீச்சர் அக்கா. முதலில் வேண்டாம் என்றார். நேற்று அவரே கூப்பிட்டு, சனிக்கிழமை மதியம் செய்முறைக்கூடம் காலியாக இருக்கும், நீ மட்டும் வா என்றார். இரண்டு போன் கொண்டு போகிறேன். பதிவு அவர் போனிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கள்கிழமை எனக்கு அதே 150 பேரோடு வகுப்பு. அட்ரோபினை முதலிலிருந்து மறுபடி நடத்தப்போகிறேன் என்று வகுப்புப் பிரதிநிதியிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை பின்பெஞ்சுக்காரர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் பக்கமும் ஒரு போன் வைக்கிறேன்.